போர்டு போனால் போகட்டும், டிஸ்க் எங்கே?

கம்ப்யூட்டர் கடைக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களுக்கும் பிழைப்பு உண்டு. ஆனால் "பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை எடுத்துப் போங்கள்" என்ற ஒரு பேச்சில், ஒரு குடும்பத்தின் இருபது வருடத்துக் கடிதங்களும் கல்யாணப் படங்களும் கணக்குகளும் கடையின் பின்கட்டுக்குப் போய்விடுகின்றன. நாமும் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம். அதுதான் என் வருத்தம்.

சித்தூர்ப் பக்கத்தில் மாங்காய் திரளும் நாட்களில் வருகிற இடிமழையைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 ஏப்ரல் 24 அன்று ஆந்திர மாநிலத்தில் 13 மணி நேரத்துக்குள் 36,749 மின்னல்கள் பதிவானதாக மாநிலப் பேரிடர் மேலாண்மைத் துறையினர் தெரிவித்தார்கள். அதுபோன்றதொரு இடிமழை இரவில்தான் கங்காதர நெல்லூரில் எங்கள் கூடத்தில் இருந்த மேசைக் கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. முதல் இடி கேட்டதுமே என் மனைவி பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். இன்டர்நெட் வயரைப் பிடுங்க வேண்டியவன் நான். மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஸ்விட்சை அழுத்தினால் உள்ளே விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினாலும் அதே அரைச் சுற்று. சித்தூரில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "போர்டு போயிந்தி சார், கொத்ததி தீசுகோண்டி" என்றான். போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பது தீர்ப்பு. பழசுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கழித்துக்கொள்வானாம். டிஸ்க்கோடு சேர்த்துத்தான்.

அந்த டிஸ்க்கில் 1998 முதல் 2008 வரை வந்த நம் சங்க மலர்கள் பதினொன்றும் இருந்தன. எல்லாம் இந்தக் கையால் தட்டச்சு செய்தவை. வேறு பிரதி இல்லை. அது என் குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். பெட்டியை வண்டியில் வைத்து வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்தேன்.

அன்பர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் எழவில்லை என்பது வேறு, அதிலுள்ளது அழிந்துவிட்டது என்பது வேறு. வீட்டுக் கதவின் பூட்டு கெட்டுப்போனால் உள்ளே பீரோவில் இருக்கும் பட்டுப்புடவை எரிந்துபோனதாக யாரும் அழுவதில்லை. 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். வைரஸ் தாக்கியபோது பல கம்ப்யூட்டர்களில் பயாஸ் சில்லு அழிக்கப்பட்டு, ஸ்விட்ச் போட்டாலும் திரையில் ஒன்றும் வராமல் போயிற்று. ஆனால் அந்த வைரஸ் டிஸ்க்கில் அழித்தது தொடக்கத்திலிருந்த ஒரு மெகாபைட் அளவுதான். மிச்சத்தில் பெரும்பகுதியை, விஷயம் தெரிந்தவர்கள் கையில் கொடுத்தால் மீட்டுத் தர முடிந்தது. டிஸ்க் காலி என்று நம்பி ஃபார்மேட் செய்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது.

என் பெட்டிக்கு வருகிறேன். பக்கத்துத் தெருவில் டிப்ளமா படித்த ஒரு பிள்ளை இருக்கிறான். அவன் விசிறி சுற்றுவதைப் பார்த்ததுமே சொன்னான்: "மாமா, கரண்டு தருகிற பெட்டி செத்திருந்தால் இந்த அரைச் சுற்றும் இருக்காது. எங்கேயோ ஷார்ட் ஆகியிருக்கிறது. அது தெரிந்துதான் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது." எவ்வளவு நேரான பேச்சு! பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிராசஸரையும் ஒரே ஒரு மெமரி அட்டையையும் மட்டும் விட்டு மற்றதையெல்லாம் கழற்றினான். ஸ்விட்சைப் போட்டான். விசிறி நிற்காமல் சுற்றியது. பிறகு ஒவ்வொன்றாக, ஒவ்வொரு தடவையும் கரண்டை எடுத்துவிட்டு, திரும்பச் செருகினான். இன்டர்நெட் வயர் வந்து சேருகிற அட்டையைச் செருகியதும் பழைய அரைச் சுற்று. திருடன் அகப்பட்டான். மின்னல் வயர் வழியாக வந்து அந்த அட்டையோடு நின்றிருக்கிறது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகும் உடனே எழுந்துவிடவில்லை. துவக்க டிஸ்க் கிடைக்கவில்லை என்று திரையில் ஒரு வரி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பையன் சிரித்தான். போர்டில் இருக்கும் மூன்று வோல்ட் பட்டன் பாட்டரி தீர்ந்து, எந்த டிஸ்க்கை எப்படிப் படிப்பது என்ற அமைப்பைப் பெட்டி மறந்திருந்தது. புது பாட்டரி போட்டு, அமைப்பைச் சரிசெய்ததும் விண்டோஸ் வந்தது. புது அட்டையும் பாட்டரியும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

எல்லாருக்கும் இப்படி அமையாது என்பது தெரியும். மெய்யாகவே போர்டு எரிந்துபோவதும் உண்டு. அப்போதும் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். அதற்கான வயர் கடைகளில் கிடைக்கிறது. டிஸ்க் டக் டக் என்று தட்டினால் மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டாம், இருப்பதும் போய்விடும். கரண்டு பெட்டியின் தகர உறையை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. உள்ளே 230 வோல்ட், 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சற்று நேரம் அது தங்கியிருக்கும்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்புகிற பழைய பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலவற்றின் முதுகில் சிவப்பாக ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அது 115-இல் இருக்கும்போது நம் ஊர் பிளக்கில் செருகினால் 'டமார்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். செருகும் முன் 230-க்குத் தள்ளிவிட்டால் போதும். இதைச் சொல்லி அனுப்பப் பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை. முதுகைத் திருப்பிப் பார்க்க நமக்கும் தோன்றுவதில்லை.

எர்த் சமாச்சாரம் இன்னும் மோசம். நம் வீடுகளில் மூன்றாவது பின் பெரும்பாலும் அழகுக்குத்தான். கரியும் உப்பும் போட்டுக் குழி வெட்டி, கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றிய வழக்கம் நம் அப்பா காலத்தோடு போயிற்று. நாற்பதாயிரம் கொடுத்துக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர் எர்த் குழிக்குச் செலவு செய்யச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்.

இனி உண்மையான சங்கடம். டிஸ்க் பிழைத்தது, மலர்களும் கிடைத்தன. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை. அந்நாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாப், டாம் என்று இரண்டை வரையறுத்தார்கள். இணையத்தில் திஸ்கி புழங்கியது. நாமோ கையில் கிடைத்ததை வைத்து அடித்தோம். எழுத்துரு இன்னதென்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றித் தர நிரல்கள் இருக்கின்றன. எட்டு மலர்களை அப்படி மாற்றிவிட்டேன். அவை இப்போது மூன்று வீடுகளில் பிரதியாக இருக்கின்றன.

2001, 2002, 2004 மலர்கள் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. அந்த எழுத்துருவை அப்போது ஓர் அன்பர் ஃபிளாப்பியில் கொண்டுவந்து கொடுத்தார். ஃபிளாப்பி பூஞ்சை பிடித்துவிட்டது. அந்த மூன்று ஆண்டுகளின் அச்சுப் பிரதியோ, அக்கால எழுத்துரு நிறைந்த சி.டி.யோ எவர் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சங்கச் செயலாளரிடம் சேர்ப்பியுங்கள். பழைய பெட்டியாகவே இருந்தாலும் சரி, எழாத பெட்டியாக இருந்தாலும் சரி, டிஸ்க்கோடு கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு டிஸ்க்கை உங்கள் கையிலேயே திருப்பித் தருகிறேன்.