ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

மாதக் கடைசியில் பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: பணமெல்லாம் எங்கே போனது? சம்பளம் வந்த நாள் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. வீட்டுக் கடன், கார் தவணை, மின்கட்டணம் ஆகியவற்றுக்குச் செலுத்திய தொகையும் நினைவிருக்கிறது. ஆனால், கையில் எஞ்சிய சில நூறு ரிங்கிட் எவ்வாறு கரைந்தது என்பதைச் சொல்லத்தான் எவராலும் முடிவதில்லை. இக்கேள்விக்கு விடை காண உதவும் வரவு செலவுச் செயலிகள் இன்று திறன்பேசியிலும் கணினியிலும் எளிதில் கிடைக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் அவற்றைப் பயன்படுத்தப் பழகிக்கொள்ள வேண்டும். அதே வேளையில், செயலி கணக்கை வைத்துக்கொள்ளுமே தவிர குடும்பத்தை நடத்தாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கணக்கெழுதும் பழக்கம் மலேசியத் தமிழர்களுக்குப் புதியதன்று. மளிகைக் கடைக்காரர்கள் '555' என்ற எண் பொறித்த சிறு குறிப்பேட்டில் வாடிக்கையாளர்களின் கடனை எழுதி வைத்ததை மூத்த தலைமுறையினர் நன்கு அறிவர். அரிசி, மாவு, எண்ணெய் என வாங்கிய ஒவ்வொரு பொருளும் அதில் வரிசையாக இடம்பெறும். சம்பள நாளில் அந்த ஏட்டைத் திறந்து கணக்குத் தீர்ப்பார்கள். கடன் ஏடாக இருந்தாலும், அதில் ஒரு நன்மை இருந்தது. எழுதிய தொகையைப் பார்க்க விரும்பியவர் ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது.

இன்று அந்த வசதி சிதறிப் போய்விட்டது. காலையில் நெடுஞ்சாலைச் சாவடியில் ஓர் அட்டை, மதிய உணவுக்கு மின்பணப்பை, மாலையில் பாசார் மாலாமில் ரொக்கம், இரவில் இணையக் கடையில் தவணைமுறை எனப் பணம் ஒரே நாளில் நான்கு வாசல் வழியாக வெளியேறுகிறது. ஒவ்வொரு வாசலிலும் தனித்தனிப் பதிவு இருக்கலாம். நான்கையும் கூட்டிச் சொல்ல ஆளில்லை. மேலும், நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது மனத்தில் எழும் தயக்கம், குறியீட்டை வருடிச் செலுத்தும்போது எழுவதில்லை. பணம் செலுத்துவது எளிதாகும்போது, அதைக் கவனிப்பது கடினமாகிறது. வரவு செலவுச் செயலியின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

1979ஆம் ஆண்டில் 'விசிகால்க்' எனும் விரிதாள் மென்பொருள் தனிமனிதக் கணினிக்கு வந்தது. ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த எல்லா எண்களும் தாமாகவே மாறும் வசதியை அது பலருக்கும் அறிமுகப்படுத்தியது. அன்று வணிகர்கள் பெரிதும் விரும்பிய அவ்வசதி இன்று ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் உள்ளது. எக்செல் போன்ற விரிதாளோ, இலவசமாகக் கிடைக்கும் குனூகேஷ் போன்ற கணக்கியல் மென்பொருளோ, சிறிய செயலியோ எதுவாயினும் அடிப்படை வேலை மூன்றுதான். முதலில் செலவைத் திட்டமிட வேண்டும். பின்னர் நடந்த செலவைப் பதிய வேண்டும். இறுதியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலர் இரண்டாவது படியோடு நின்றுவிடுகின்றனர். ஒப்பிட்டுப் பார்க்காத கணக்கு வெறும் ரசீதுக் குவியலாகவே இருக்கும்.

செயலியின் பெரும்பயன் ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளில் தெரியும். மாதந்தோறும் 4,800 ரிங்கிட் கைக்கு வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கார் காப்புறுதிக்கும் சாலை வரிக்கும் 1,020 ரிங்கிட், பள்ளித் தவணை தொடங்கும்போது 900 ரிங்கிட், தீபாவளிக்கு 1,200 ரிங்கிட், வீட்டின் மதிப்பீட்டு வரிக்கு 480 ரிங்கிட் என அக்குடும்பத்துக்கு ஆண்டில் 3,600 ரிங்கிட் தேவைப்படுகிறது. இவற்றுள் எதுவும் எதிர்பாராத செலவன்று. தீபாவளி ஆண்டுதோறும் வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆயினும், திட்டமிடாத வீட்டில் அது திடீர்ச் செலவாகிக் கடன் அட்டையை நாடவைக்கிறது. அதே தொகையைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 300 ரிங்கிட் ஆகிறது. அதனைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்கும் குடும்பம் பண்டிகையைக் கடனின்றிக் கொண்டாடுகிறது.

பணத்தை நோக்கத்துக்கேற்பப் பிரித்து வைக்கும் இம்முறையை நாட்டின் பெரிய நிறுவனங்களும் கையாளுகின்றன. ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களின் புதிய சந்தாவை மூன்று கணக்குகளாகப் பிரிக்கிறது. 75 விழுக்காடு ஓய்வுக்காலத்துக்கும், 15 விழுக்காடு வீடு, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கும், 10 விழுக்காடு எந்நேரமும் எடுக்கக்கூடிய கணக்குக்கும் செல்கின்றன. ஒரே பணம் மூன்று பெயர் பெற்றதும், அதனைத் தொடுவதற்கு முன் உறுப்பினர் சிந்திக்க நேர்கிறது. செயலியில் உணவு, போக்குவரத்து, கல்வி எனத் தலைப்பிட்டுத் தொகை ஒதுக்குவதும் இதே பயனைத் தருகிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் எவ்வளவு ஒதுக்குவது என்று தெரியாதவர்கள், அவ்வாரியம் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வு மையத்துடன் இணைந்து 2019இல் வெளியிடத் தொடங்கிய 'பெலாஞ்சாவான்கூ' செலவின வழிகாட்டியைப் பார்க்கலாம்.

"வருமானமே போதவில்லை, இதில் திட்டமிட என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்பர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. குறைந்த வருமானத்தை எந்தச் செயலியும் உயர்த்திவிடாது. வாடகையும் அரிசியும் போக ஒன்றும் மிஞ்சாத வீட்டாரிடம் சிக்கனத்தைப் போதிப்பது அறமும் ஆகாது. எனினும், வரவு சிறியதாக இருந்தாலும் செலவு அதனை மிஞ்சாதவரை கேடில்லை என்பது வள்ளுவர் காட்டும் தெளிவு. குறைந்த வருமானத்தில் ஒரு சிறிய தவறும் பெரிய விலை கேட்கும். மலேசியாவில் கடன் அட்டையின் நிலுவைக்கு ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி விதிக்கப்படுகிறது. 18 விழுக்காட்டில் 1,000 ரிங்கிட் நிலுவைக்கு மாதம் ஏறக்குறைய 15 ரிங்கிட் வட்டியாகவே போய்விடும். கணக்கு வைத்திருப்பவர் இதனை முதல் மாதத்திலேயே காண்கிறார். வைக்காதவர் கடன் முற்றிய பிறகே காண்கிறார். கடன் கைமீறும் நிலையில் இருப்பதாகக் கணக்கு காட்டினால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. முகமையின் இலவச ஆலோசனையை உரிய நேரத்தில் நாடலாம்.

செலவைத் தானாகவே பதிந்துகொள்ளும் செயலிகளும் உண்டு. அவை நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மையே. ஆயினும், தொடக்கத்தில் சில மாதங்களாவது கையால் பதிவதே சிறந்தது. எட்டு முறை வீட்டுக்கே வரவழைத்த உணவுக்கு, முறைக்கு 35 ரிங்கிட் எனத் தம் விரலால் எட்டு முறை பதிந்தவருக்கு, மாதம் 280 ரிங்கிட் என்ற தொகையை வேறெவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஓராண்டில் அது 3,360 ரிங்கிட் ஆகும் என்று செயலி காட்டும்போது, அடுத்த மாதம் எத்தனை முறை என்பதை அவரே முடிவு செய்வார். தானியங்கிப் பதிவில் இந்தப் பாடம் எளிதில் கைநழுவிப் போகும்.

பாதுகாப்பிலும் கவனம் தேவை. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் அறிமுகமில்லாத செயலியை நம்பக் கூடாது. அதிகாரப்பூர்வச் செயலிக் கடைக்கு வெளியே, குறுஞ்செய்தி இணைப்பின் வழி வரும் எதனையும் பதிவிறக்கம் செய்யக் கூடாது. மேலும், எந்த நிறுவனமும் என்றென்றும் ஒரு சேவையை நடத்தும் என்ற உறுதி இல்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது 'மணி' மென்பொருளின் விற்பனையை 2009இல் நிறுத்தியது. அமெரிக்காவில் மிகப் பலர் பயன்படுத்திய 'மின்ட்' சேவை 2024இல் மூடப்பட்டது. ஆகவே, பதிவுகளை விரிதாள் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தின் கணக்கு குடும்பத்தின் கையிலேயே இருக்க வேண்டும்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது, கணக்கை வீட்டில் எவ்வாறு பேசுவது என்பதாகும். ஒருவர் பதிய, மற்றவர் குற்றம் கண்டுபிடிக்க என்று தொடங்கினால், செயலி வீட்டுக்குள் புகுந்த காவலராகிவிடும். அதன்பின் செலவு குறையாது, மறைக்கப்படும். மறைத்த செலவால் கணக்கும் கெடும், நம்பிக்கையும் கெடும். இதனைத் தவிர்க்க, தாய், தந்தை, பிள்ளைகள் ஆகிய ஒவ்வொருவருக்கும் சிறிய தனிச்செலவுத் தொகை ஒதுக்க வேண்டும். 30 ரிங்கிட்டாக இருந்தாலும் சரி, அதனை எதற்குச் செலவிட்டார் என்று எவரும் கேட்கக் கூடாது. மற்றவற்றை மாதம் ஒருமுறை உணவுமேசையில் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம். அப்போது கேட்க வேண்டியது "யார் செலவழித்தது?" என்பதன்று; "அடுத்த மாதம் எதனை மாற்றலாம்?" என்பதே.

அந்த மேசையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும். மின்கட்டணமும் டியூஷன் கட்டணமும் எவ்வளவு என்பதைப் பிள்ளைகளிடம் மறைப்பது அவர்களைக் காப்பதாகப் பெற்றோர் சிலர் எண்ணுகின்றனர். ஆனால், சில ஆண்டுகளில் அதே பிள்ளைகள் கல்விக்கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவர். முதல் சம்பளம் வாங்குவர். கடன் அட்டைக்கு விண்ணப்பிப்பர். அதுவரை ஒரு மாதக் கணக்கைக்கூடப் பார்த்திராத இளையர், அந்தப் பாடத்தை அதிக விலை கொடுத்தே கற்க நேரிடும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். அளப்பதற்கு இன்று நல்ல கருவிகள் உள்ளன. எவ்வளவு போடுவது, எதற்குப் போடுவது, எப்போது நிறுத்துவது என்பவற்றைக் குடும்பத்தினர்தாம் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கும் செயலியே நல்ல செயலி.