எப்போது சத்தம் வருகிறது, ஸார்?

பழைய ஜீப் வைத்திருக்கும் ஆசாமிகளைச் சுலபமாக அடையாளம் கண்டுபிடிக்கலாம். நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ‘ஷ்ஷ்’ என்று கையை உயர்த்துவார்கள். கச்சேரியில் சுருதி சேருகிறதா என்று கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்து, ‘கேட்டுதா? டொக்குனு?’ என்பார்கள். நமக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவது நட்புக்கு நல்லது.

கள்ளக்குறிச்சியில் எனக்கு அப்படி ஒரு நண்பன். வாரத்தில் ஆறு நாள் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுவான். ஏழாம் நாள் ஜீப்புக்கு அடியில் படுத்திருப்பான். வண்டி ‘டொக்’ என்றது. முதல் மெக்கானிக் ‘கிரவுன்-பினியன் போச்சு’ என்றார். மாற்றினார்கள். டொக். இரண்டாமவர் கியர் பாக்ஸை இறக்கி, துடைத்து, ஏற்றினார். டொக். மூன்றாவதாகக் கச்சிராயபாளையத்தில் ஒரு வயசான டிரைவர் அகப்பட்டார். ஸ்பானரையே தொடவில்லை. ‘என்ன சத்தம்னு சொல்லாத தம்பி. எப்ப வருதுன்னு சொல்லு’ என்றார்.

நான் பி.காம். எனக்கு இது உடனே புரிந்தது. டிரயல் பேலன்ஸ் இடித்தால் எல்லா லெட்ஜரையும் கிழித்துப் போடுகிறோமா? முதலில் வித்தியாசத் தொகையைப் பார்ப்போம். 9-ஆல் வகுபட்டால் யாரோ 54-ஐ 45 என்று எழுதியிருக்கலாம். 2-ஆல் வகுபட்டால் அதில் பாதித் தொகை பக்கம் மாறிப்போய் உட்கார்ந்திருக்கலாம். தப்பைத் தேடுவதற்கு முன்னால் தப்பின் குணத்தை விசாரிக்கிறோம். ஜீப்பிலும் அதேதான்.

இந்த விசாரணைக்குக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு வாசலிலேயே ஒரு லாபரட்டரி இருக்கிறது. கச்சிராயபாளையம், கோமுகி அணை, அங்கிருந்து கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை. சமதரை, ஏற்றம், வளைவு, மண் பாதை, இறக்கம் எல்லாம் ஒரே ரூட்டில்.

முதல் பரீட்சை வீட்டு வாசலில். வண்டி நிற்கிறது, இஞ்சின் ஓடுகிறது, கியர் நியூட்ரலில். கிளட்ச்சை அமுக்கினால் ‘கர்ர்’ என்று ஆரம்பிக்கிறதா? கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். அதற்கு நேர்மாறாக, சும்மா இருக்கும்போது சத்தம், கிளட்ச்சை அமுக்கினால் கப்சிப் என்றால் கியர் பாக்ஸில் இஞ்சின் பக்கத்து பேரிங். காலணா செலவில்லை.

அடுத்தது சமதரை. முன்னால் பின்னால் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, 40 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச்சை அமுக்கி ஒரு நிமிஷம் நியூட்ரலில் ஓடவிடுங்கள். இஞ்சின் இறங்கியதும் சத்தமும் இறங்கினால் சமாசாரம் முன்பக்கம். இஞ்சின் அடங்கியும் சத்தம் வண்டியின் வேகத்தோடு ஓடிவந்தால் குற்றவாளி பின்னால் இருக்கிறான். டிரான்ஸ்ஃபர் கேஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், சக்கரம் - இந்த நாலு பேரில் ஒருத்தன். பாதி வண்டிக்கு விடுதலை கொடுத்தாயிற்று.

இதில் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை. 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பின் வம்சம்தான் நம் ஊர் மஹிந்திரா பழைய ஜீப்புகள். அந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் செயின் கிடையாது, எல்லாம் பல்சக்கரம். கொஞ்சம் ‘ஙொய்ங்’ என்று முனகுவது பிறவிக் குணம். நேற்றுவரை இல்லாத முனகல் இன்று வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். கியர் பாக்ஸ் ஆயில் சத்தமில்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் குடிபோகிற வழக்கம் இந்தக் குடும்பத்தில் உண்டு. இரண்டையும் தனித்தனியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

கோமுகி அணை தாண்டினால் ஏற்றம். ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தால் ஒரு ராகம், எடுத்தால் வேறு ராகம் என்றால் கிரவுன்-பினியன் அல்லது பினியன் பேரிங். கால் வைத்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி ‘ம்ம்ம்’ என்றால் சக்கர பேரிங். எந்தச் சக்கரம் என்பதை வளைவு சொல்லும். இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரங்களில் விழுகிறது. அப்போது சத்தம் ஏறினால் வலது பக்கம். தார் ரோட்டிலிருந்து மண்ணுக்கு இறங்கியதும் சத்தமே மாறிவிட்டால் அது டயர். மெக்கானிக்குக்கு நமஸ்காரம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

வளைவில் இன்னொரு நாடகம் நடக்கும். நண்பர்கள் முன்னால் பந்தா காட்ட ஃபோர் வீல் டிரைவ் லீவரைப் போட்டுவிட்டுத் தார் ரோட்டிலேயே போவார்கள். வண்டி திமிறும், ‘டக் டக்’ என்று இழுக்கும். அது நோயே இல்லை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். பழைய ஜீப்பில் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட நடுவில் ஏதும் கிடையாது. மண்ணில் சக்கரம் வழுக்கிச் சமாளிக்கும், தாரில் முறுக்கிக்கொள்ளும். லீவரை எடுத்தால் தீர்ந்தது.

நண்பனின் ‘டொக்’ இது எதிலும் சிக்கவில்லை. ‘முதல் கியர் போட்டு கிளட்ச்சை விடும்போது ஒரு டொக். ரிவர்ஸ் போட்டால் இன்னொரு டொக். மெதுவாகப் போகும்போது கிரீச் கிரீச்’ என்று சொன்னான். பெரியவர் அப்போதுதான் வண்டிக்கு அடியில் குனிந்தார். ஷாஃப்ட்டைப் பிடித்து முன்னும் பின்னும் திருகினார். ‘ஜாயிண்ட் கிராஸ்’ என்றார். ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது.

கிராஸ் என்பது கூட்டல் குறி மாதிரி ஓர் இரும்பு. நாலு முனையிலும் கிண்ணம், கிண்ணத்துக்குள் ஊசி மாதிரி உருளைகள், கொஞ்சம் கிரீஸ். கிரீஸ் வற்றினால் கிரீச் என்று கெஞ்சும். கேட்காவிட்டால் டொக் என்று மிரட்டும். அதையும் கேட்காவிட்டால் உடையும். பழைய வில்லிஸ் ஜீப்புகள் சிலவற்றில் பல் விகிதம் 5.38. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். அத்தனை உழைப்பும் அந்தச் சின்னக் கூட்டல் குறி மேல்.

உடைந்தால் என்ன, தள்ளிக்கொண்டு போகலாமே என்கிறீர்களா? சமதரையில் சரி. மலையில் கதை வேறு. பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹாண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. டூ வீல் டிரைவில் இறங்கும்போது பின் ஷாஃப்ட் அறுந்தால் இஞ்சின் இழுத்துப் பிடிப்பது போச்சு, ஹாண்ட் பிரேக்கும் போச்சு. மிச்சம் கால் பிரேக் ஒன்றுதான். மூன்று கயிற்றில் இரண்டு ஒரே நேரத்தில் அறுகிற சங்கதி. ‘டீசல் மிச்சம்’ என்று நியூட்ரலில் இறங்குகிற புத்திசாலிகள் ஒரு கயிற்றைத் தாங்களாகவே அறுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. இந்த மாதிரி ஜீப்பில் ஹாண்ட் பிரேக்கை நம்பி ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கக் கூடாது. தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ளது எதிர்ப்பக்கம் உருள டிஃபரன்ஷியல் தாராளமாக இடம் கொடுக்கும். தரைச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். அடியில் குனிகிற எவருக்கும் இதுதான் முதல் சட்டம்.

நமக்கு ஜீப் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. கல்வராயன் மலையில் பல குக்கிராமங்களுக்கு அது பஸ், லாரி, ஆம்புலன்ஸ் மூன்றும். பெரிய கல்வராயன் பக்கம் சுமார் 4,000 அடி உயரம். அங்கே பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்குகிற வண்டியில் ‘கிரீச்’ என்று கேட்டால் அது வெறும் சத்தமில்லை. அந்த மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. ரோடு சரியாவது அரசாங்கத்தின் கையில். கிரீஸ் கன் நம் கையில்.

கடைசியாக, போனஸ் பணத்தில் பழைய ஜீப் வாங்கக் கிளம்பியிருக்கும் ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டிப் பார்க்க ஏறி உட்கார்ந்ததும் விற்பவர் முகம் மலர்ந்து, ‘ஸ்டீரியோ புதுசு ஸார், கேளுங்க’ என்று பாட்டைப் போடுவார். அருமையான பாட்டாகவே இருக்கட்டும். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.