ட்ரோனுக்குத் தெரியாத முகங்கள்

கப்பலூர், திருமங்கலம் பக்கம் இப்போது ஊர்ப்பொங்கல் என்றால் கொட்டுச் சத்தத்தோடு ட்ரோன் ரீங்காரமும் சேர்ந்துகொள்கிறது. மேலிருந்து பார்த்தால் முளைப்பாரி ஊர்வலம் பச்சைக் கோடு. அழகுதான், தூக்கி வரும் பெண்ணின் முகம்தான் தெரியாது.

பழைய வீடியோ கேசட் அப்படியல்ல. ஒயரை இழுத்துக்கொண்டு ஓடும் லைட் பையன், வெளிச்சத்துக்குக் கண்ணை மறைக்கும் அப்பத்தா, சாமியாடி நெருங்கியதும் பின்வாங்கும் கேமரா என எல்லாம் அதில் உண்டு.

1976-இல் ஜப்பானின் ஜேவிசி கொண்டுவந்த விஎச்எஸ் நாடா அது. அதை ஓட்டும் விசிஆர் கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. நாடாவில் பூஞ்சை வேறு. ட்ரோனுக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சத்தை, பரணில் கிடக்கும் கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றக் கோயில் கமிட்டிகள் ஒதுக்கலாம். காதுகுத்துக் கேசட்டையும் விட்டுவிட வேண்டாம். பந்தியில் ஊரே வரிசையாக உட்கார்ந்திருப்பது அதில்தான்.