நொதியின் மேல் விழுந்த பழி

பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ 1869இல் ஒரு நோயை விவரித்தார். கை கால் சூம்பும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சும் தடைபடும். இன்று ஏஎல்எஸ் என்கிறோம். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாவதுதான் நோயின் அடிப்படை.

சரியாக நூறாண்டு கழித்து, 1969இல், நரம்பு நோய்க்குத் தொடர்பே இல்லாத ஆய்வொன்றில் டியூக் பல்கலைக்கழகத்தின் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியை அடையாளம் கண்டார்கள். மாட்டு ரத்தத்திலிருந்து 1938லேயே கேம்பிரிட்ஜில் பிரித்தெடுக்கப்பட்டு, என்ன வேலை செய்கிறது என்றே தெரியாமல் கிடந்த செம்புப் புரதம்தான் அது. செல்லுக்குள் உண்டாகும் சூப்பர்ஆக்ஸைடு என்ற நச்சைத் தணிப்பது அதன் வேலை.

குடும்பவழி ஏஎல்எஸ் உள்ள சிலரிடம் இந்த நொதிக்கான எஸ்ஓடி1 மரபணுவில் பிழை இருப்பது 1993இல் தெரியவந்தது. உடனே எல்லோர் மனத்திலும் ஒரே விடைதான் எழுந்தது: நொதி குறைகிறது, நச்சு சேர்கிறது, நரம்பு சாகிறது. கச்சிதமான விளக்கம். ஆனால் தவறு.

தவறென்று காட்டியவை எலிகள். 1994இல் மனிதரின் பிழையான மரபணுவை எலிகளுக்குள் செலுத்தினார்கள். அவற்றின் சொந்த மரபணுவில் கை வைக்கவில்லை, நொதிக்கும் பஞ்சமில்லை. இருந்தும் கால்கள் செயலிழந்து, ஐந்தாறு மாத வயதில் அவை இறந்தன. 1996இல் அந்த நொதியே இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகளுக்கோ ஏஎல்எஸ் வரவில்லை. அடிபட்ட நரம்பணுக்கள் மட்டும் பிழைக்கத் திணறின. ஆக, நொதியின் பற்றாக்குறை கொல்லவில்லை. கோணலாக மடிந்து திரண்டுகொள்ளும் புரதமே நஞ்சாகிறது. இத்தகைய நச்சைத் தணிப்பதாகச் சொல்லி ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை விற்பவர்கள் இந்த முப்பதாண்டுப் பாடத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. ஆன்டிஆக்சிடன்டான வைட்டமின் ஈயை ஏஎல்எஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு 2001இல் வெளிவந்தது; அதில் நோயாளிகளின் ஆயுள் நீளவில்லை. கையிருப்பைக் கரைத்து அந்த டப்பாக்களை வாங்கும் குடும்பங்களுக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

அதற்காக நொதியே தேவையில்லை என்று எண்ணிவிடவும் கூடாது. அது அறவே செயல்படாமல் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2019இல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஒரு வயது நிறையுமுன்பே கற்ற அசைவுகளை இழந்து, கை கால் விறைத்துப்போன குழந்தைகள்.

2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்த டோஃபர்சன் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நிற்கிறது. முதுகுத்தண்டு நீரில் ஊசியாகச் செலுத்தப்படும் இந்த மருந்து, எஸ்ஓடி1 புரதம் உருவாவதையே குறைக்கிறது. முதல் மூன்று ஊசிகள் இரண்டு வார இடைவெளியில். பிறகு 28 நாளுக்கு ஒன்று. 28 வாரச் சோதனையில் உடல்திறன் குறைவதை அது தெளிவாகத் தடுக்கவில்லை. நரம்புச் சிதைவைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் ரத்தத்தில் குறைந்ததை வைத்தே அனுமதி கிடைத்தது. ஏஎல்எஸ் நோயாளிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் இது பொருந்தும். சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் ஷார்க்கோவின் காலத்திலிருந்து இந்த நோயின் வேரையே தொட்ட மருந்து வேறில்லை. மரபணுப் பிழை இருந்தும் இன்னும் அறிகுறி தோன்றாதவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துப் பார்க்கும் சோதனையும் தொடங்கிவிட்டது.