வலிக்கும் கைக்குத் தொழிலே மருந்து

தமிழ் இலக்கணம் பயின்றோர் தொழிற்பெயரை அறிவர். உண்ணல், உடுத்தல், குளித்தல், நடத்தல் என மாந்தர் செய்யும் எல்லாச் செயல்களும் அங்குத் தொழில்களே. ஊதியம் ஈட்டும் வேலை ஒன்றையே தொழில் என்று கொள்வது இன்றைய பேச்சு வழக்கு. இந்த இலக்கணப் பாடத்தை மருத்துவக் கட்டுரையின் வாயிலில் நாம் வைப்பதற்குக் காரணம் உண்டு. 'ஆக்குபேஷனல் தெரபி' என்பதைத் தொழில்வழி மருத்துவம் என்று சொன்னவுடன், வேலை தேடுவோருக்கான பயிற்சி போலும் என்று பலர் கருதிவிடுகின்றனர். உண்ணவும் உடுக்கவும் தலை வாரவும் இயலாது போன ஒருவரை, அச்செயல்களின் வழியாகவே மீண்டும் அச்செயல்களுக்குக் கொண்டு சேர்க்கும் மருத்துவம் அது. தமிழ் மாணவருக்கு இதனை விளக்க வேறு சொல் வேண்டியதில்லை.

திருமயம் என்றதும் 1687-இல் சேதுபதி மன்னர் எழுப்பிய கோட்டை நம் கண்முன் நிற்கும். அக்கோட்டையின் அடிவாரத்தில் வாழும் ஓர் இல்லத்தரசியை எண்ணிப் பார்ப்போம். கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிகிறது, மாவுக்கட்டுப் போடுகின்றனர். சில வாரங்களில் கட்டு அவிழ்கிறது. எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே படம் காட்டுகிறது. வலியும் கூடிக்கொண்டே போகிறது! கை வீங்குகிறது, ஒருநேரம் சிவந்து கொதிக்கிறது, மறுநேரம் நீலம் பாரித்துக் குளிர்கிறது, வியர்வை அரும்புகிறது. சேலைத் தலைப்பு பட்டாலும் நெருப்புப் பட்டாற்போல் துடிக்கிறார். "படத்துல ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாங்களே, இன்னும் என்னம்மா வலி?" என்கின்றனர் வீட்டார். வேலைக்கு அஞ்சி நடிக்கிறாள் என்று அண்டை வீடு முடிவு கட்டுகிறது.

இவ்வலி நடிப்பன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்ட வீரர்களிடம் இதனைக் கண்டு, வேறிரு மருத்துவரோடு சேர்ந்து 1864-இல் நூலாக்கியவர் சைலஸ் வேர் மிட்சல். எரிச்சல் தாளாமல் அவ்வீரர்கள் ஈரத்துணியைக் கையிலிருந்து அகற்றாமலே வாழ்ந்தனர். போர்முனையில் நின்ற ஆடவரை நடிப்பவர் என்று சொல்ல எவரும் துணியார். அடுப்படியில் நிற்கும் பெண்ணை மட்டும் சொல்லிவிடுகிறோம். இந்நோய் ஆடவரினும் பெண்டிரையே மிகுதியாகப் பற்றுகிறது; அதற்கு முந்தைய காயமாகப் பெரிதும் அமைவது எலும்பு முறிவே. 1994-இல் அனைத்துலக வலி ஆய்வுக் கழகம் 'சிக்கலான வட்டார வலி நோய்க்குறித் தொகுதி' என்னும் பொருள்படும் பெயரை இதற்கு வகுத்தது. (நோயினும் பெயர் கடினம் என்று மாணவர் நகைக்கக்கூடும்!) காயம் ஆறிய பின்னும் நரம்பு மண்டலம் அபாயச் சங்கை ஊதிக்கொண்டே இருப்பதுதான் இதன் சாரம்.

நம்பாமை ஒரு கொடுமை எனின், அளவு கடந்த பரிவு மற்றொரு கொடுமை. "கையை அசைக்காதே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று துணியால் சுற்றி மார்போடு கட்டிவிடுகின்றனர். அசையாத மூட்டு இறுகுகிறது, தசை மெலிகிறது, எலும்பு வலுவிழக்கிறது. வலி அஞ்சிக் கையை ஒதுக்க ஒதுக்க, மூளையும் அக்கையைத் தனதன்று என ஒதுக்கத் தொடங்குகிறது. இதனை எம் இல்லத்துப் பெரியோர்க்கு அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம்: மருத்துவர் அசைக்கலாம் என்று கூறிய கையை அன்பின் பெயரால் கட்டிவைக்காதீர்கள்.

அவ்வாறாயின் பழையபடி வேலையை ஏவலாமா? அதுவும் தவறு. அளவறிந்து கூட்டுவதே இம்மருத்துவத்தின் நுட்பம். தொடுதலைத் தாங்காத தோலுக்கு முதலில் பஞ்சும் பட்டும், பின்னர்ப் பருத்தித் துணி, அதன்பின் துவாலை. அடுத்து, அரிசியோ பயறோ நிரப்பிய பாத்திரத்தில் கையை நுழைத்து அளைதல். 1987-இல் வாட்சன், கார்ல்சன் என்னும் இருவர் வெளியிட்ட முறை இன்னும் எளியது: தூரிகையைத் தரையில் ஊன்றித் தேய்த்தலும், எடையுள்ள பையைத் தூக்கி நடத்தலும். நாள்தோறும் சில நிமிடங்களில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டுவர். தரை தேய்ப்பதும் குடம் தூக்குவதும் நம் பெண்களுக்குப் புதியனவா என்ன? எவ்வளவு நேரம், எவ்வளவு எடை, எப்போது நிறுத்துவது என்று வகுத்துத் தரும் ஆள்தான் வேண்டும். அவர் நோயுற்றவரிடம் முதலில் கேட்கும் கேள்வியும் கருதத்தக்கது: "உங்களுக்கு எந்தச் செயல் வேண்டும்?" ஒருவர் மகளுக்குத் தலை பின்ன வேண்டும் என்பார், ஒருவர் தொழுகையில் உள்ளங்கையைத் தரையில் ஊன்ற வேண்டும் என்பார், ஒருவர் வாசலில் கோலமிட வேண்டும் என்பார். மருந்துச் சீட்டு அவ்விடத்திலிருந்துதான் எழுதப்படுகிறது.

கண்ணாடி மருத்துவம் பற்றியும் ஒரு சொல். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற தமிழரான வி. எஸ். இராமச்சந்திரன், கையிழந்தோரின் மாய வலிக்குக் கண்ணாடியைப் பயன்படுத்திக் காட்டினார். நலமுள்ள கையின் நிழலை நோயுற்ற கையாகக் கண்டு மூளை ஏமாறுகிறது. 2003-இல் இங்கிலாந்தில் மெக்கேப் குழுவினர் இதனை நம் கட்டுரைக்குரிய நோயினர் எண்மரிடம் சோதித்தனர். நோய் தொடங்கி எட்டு வாரத்துக்கு உட்பட்டோர் வலி தணிந்தனர். ஈராண்டு கடந்தோர்க்குப் பயன் கிட்டவில்லை. எண்ணிக்கை சிறிதே. ஆயினும் காலந்தாழ்த்தலின் விலை அதில் தெரிகிறது. திருமயத்துப் பெண் வீட்டார் ஏச்சைக் கேட்டு, மந்திரித்து, எண்ணெய் தடவிக் கழிக்கும் மாதங்கள் அத்தகைய மாதங்களே.

இம்மருத்துவம் நமக்கு அயலானதும் அன்று. 1950-இலேயே பம்பாயில் இதற்கான பள்ளியைக் கமலா நிம்கர் தொடங்கினார். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். பெருநகரங்களில் கற்றோர் இருக்கின்றனர். தாலுகாவுக்கு வருவோர்தாம் குறைவு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாசலுக்குக் கொணர்ந்தது போற்றத்தக்கது. தொழில்வழி மருத்துவரும் அவ்வாசலுக்கு வரவேண்டும் என்பதே எம் கோரிக்கை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைகளைக் குறிப்பிடுகிறது. இந்நோயின் பெயர் அப்பட்டியலில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வலியைச் சான்றிதழுக்காக மெய்ப்பிக்கும் பாடு வலியினும் பெரிது.

எம் மாணவருள் அறிவியல் பயில்வோர், மருத்துவமும் செவிலியமும் தவிர இளநிலைத் தொழில்வழி மருத்துவப் பட்டப்படிப்பும் உண்டென்று தம் தம்பி தங்கையர்க்குச் சொல்லட்டும். ஜமாஅத் பெரியோரும் ஊர்ப் பிரமுகர்களும், திருமயத்தில் வாரம் ஒரு நாளேனும் அத்தகைய மருத்துவர் ஒருவர் அமர்வதற்கு விண்ணப்பம் தரட்டும். அவ்வறைக்கு வேண்டுவன மிகுதி அல்ல: ஒரு மேசை, ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு தூரிகை, இரண்டு படி அரிசி.