பூட்டிய கதவும் சாத்திய கதவும்

பேஸ்லைன் வீதி வழியே ஒருகொடவத்தைச் சந்தியை நெருங்குகையில், கொள்கலன் லொறிகளின் இரைச்சலுக்கு நடுவே, ஒரு தகரக் கூரையின் கீழ்த் திறப்பு வெட்டும் இயந்திரமொன்று கீச்சிட்டுக்கொண்டிருக்கும். அதை இயக்குபவர் ஒரு காலத்தில் நம்மிடம் நன்னூல் படித்தவர். அண்மையில் அவர் ஓர் அச்சுத்தாளோடு நம் வீடு தேடி வந்தார். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற விரும்புவோருக்கென ஒரு பயிற்சி நிலையம் கொடுத்த தமிழ்க் குறிப்பு அது. அதன் நடுவில் "இறந்த மரையாணி" என்றொரு தொடர் கிடந்தது.

"இது எந்தப் பூட்டில சேர் இருக்கு?" என்று கேட்டார். பதினொரு வருடங்களாகப் பூட்டுகளைக் கழற்றியும் கோத்தும் உயிர் வாழ்கின்ற மனிதர் கேட்கின்றார்!

நமக்கும் விளங்கவில்லை. ஓரத்திலிருந்த படத்தைக் கண்ட பின்பே, ஆங்கிலேயர் 'டெட் போல்ட்' என்னும் உறுப்பை எவரோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் அடக்கம் செய்திருக்கின்றார் என்பது தெரிந்தது. வில்லின் உந்துதல் சிறிதுமின்றி, திறப்பைத் திருப்பினால் மட்டும் வெளியே நீண்டு, மீண்டும் திருப்பினால் மட்டும் உள்ளே செல்கின்ற தாழ் அது. கதவைத் தள்ளியதும் தானே வழுக்கி விழுகின்ற தாழ் வேறு. முன்னதை நிலைத்தாழ் என்றும் பின்னதை வில்தாழ் என்றும் சொன்னால் எந்தப் பட்டறைப் பையனுக்கும் விளங்கும். வில் என்ற சொல்லை நம் பிள்ளைகள் விற்றராசிலே ஏற்கனவே படித்திருக்கின்றார்கள்.

அதே தாளில் சாவி, திறப்பு, திறவுகோல் என மூன்று சொற்கள் ஒரே பொருளுக்கு மாறி மாறி வருகின்றன. முதலாவது தமிழகத்து நூலிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். இரண்டாவது நம் நாட்டுப் பேச்சு. மூன்றாவது பண்டிதரின் பெட்டகத்துச் சரக்கு. படிக்கும் பையன் மூன்றும் வெவ்வேறு கருவிகள் என்றே எண்ணுவான். அவன் எண்ணுவதில் பிழையில்லை. தொழிலில் பெயர் வேறானால் பொருளும் வேறு. போதாக்குறைக்குத் திறப்பு நுழைகின்ற துவாரத்துக்கும் 'திறப்பு' என்றே போட்டிருக்கின்றார்கள். திறப்பைத் திறப்பினுள் இட்டுத் திறக்க வேண்டுமாம்!

இதைச் சிரித்து விட்டுவிடலாம் என்று சொல்வோர் உளர். தொழிலாளிக்கு ஆங்கிலச் சொல் தெரியும், லொக் என்றும் லீவர் என்றும் பின் என்றும் சொல்லிக்கொண்டு அவன் வேலையைச் செய்துவிட்டுப் போகட்டும், தமிழ் எதற்கு என்பது அவர்களின் வாதம். பின் என்பதைப் பின் என்றே வைத்துக்கொள்வதில் நமக்கு யாதொரு மறுப்புமில்லை. ஆனால் சொல்லை இரவல் வாங்குவது வேறு, அதன் வரையறையையும் இரவலில் விட்டுவிடுவது வேறு. சான்றிதழ் இல்லாத கைக்குக் கூலி குறைவு. சான்றிதழுக்கான வினாவோ விளங்காத மொழியில் இருக்கிறது. கை அறிந்ததை வாய் சொல்ல முடியாமற் போவதால் ஒரு மனிதனின் சம்பளம் வெட்டப்படுமாயின் அது மொழிப் பிரச்சினை மட்டுமல்ல.

எதிர்ப்புறத்தில் நிற்கின்ற தூய்மைவாதிகளையும் நாம் அறிவோம். 1960களின் தொடக்கத்தில் இந்நாட்டில் மரபுப் போராட்டம் நிகழ்ந்தபோது, உழைக்கும் மக்களின் பேச்சு கதையில் வருவதை இழிசனர் வழக்கென்று தூற்றியவர்களின் வாரிசுகள் இவர்கள். அந்த வழக்கில் நாம் வென்றோம் என்று மார்தட்டுகின்றோம். கதைக்குள் வென்றோம், பட்டறைக்குள் இன்னும் கால் வைக்கவில்லை. மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்துச் சொற்களும் ஆக்கினார். அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளால் இரசாயனமும் பௌதிகமும் தமிழில் நடந்தன. அந்தப் பெருமையில் ஒரு பங்கு பள்ளி ஆசிரியராகிய நமக்கும் உண்டு. எனினும் அந்த அக்கறை வகுப்பறை வாசலில் நின்றுவிட்டது.

பட்டறையில் சொல் இல்லையா? இருக்கிறது. தொங்கு பூட்டுக்கு ஆமைப்பூட்டு என்று பெயர் வைத்தது எந்தச் சங்கம்? ஓட்டுக்குள் காலை இழுத்துக்கொள்கின்ற பிராணியைக் கண்டவன் வைத்தான். சிங்களத் தொழிலாளியும் அதை ஆமையின் பெயராலேயே 'இப்பா' என்கின்றான். திண்டுக்கல்லில் அதே கண் மாங்காயைக் கண்டு மாங்காய்ப் பூட்டு என்றது. லைனஸ் யேல் 1860களில் காப்புரிமை பெற்ற பின் பூட்டில், உருளைக்குள் சோடி சோடியாகப் பின்கள் நிற்கின்றன. சரியான திறப்பை இட்டால் ஒவ்வொரு சோடியின் பிரிவும் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வந்து நிற்கும். அப்போதுதான் உருளை சுழலும். இந்தக் கோட்டுக்கு நாமாயிருந்தால் 'கத்தரிப்புத் தளம்' என்று ஏதாவது சொல்லியிருப்போம். நம் மாணவர், "எல்லாப் பின்னும் வரம்புக்கு வந்தாத்தான் சுத்தும் சேர்" என்றார். வரம்பு! வயலை மறந்த கொழும்பில் அந்தச் சொல் ஒரு பித்தளை உருளைக்குள் உயிரோடு இருக்கின்றது.

ஆயினும் பட்டறைச் சொல் எல்லாம் அப்படியே போதும் என்று நாம் சொல்லவில்லை. அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. நம் நாட்டுத் தமிழில் "கதவைப் பூட்டு" என்றால் சாத்து என்றும் பொருள், தாழ் போடு என்றும் பொருள், திறப்பால் பூட்டு என்றும் பொருள். வீட்டில் இதனால் கேடில்லை. ஆனால் களஞ்சியங்களும் கொள்கலன் முற்றங்களும் நெருங்கி நிற்கின்ற ஒருகொடவத்தையில், இரவு வேலையாளிடம் மேற்பார்வையாளர் "பின்கதவைப் பூட்டிவிடு" என்று சொல்லும்போது அவன் எதைச் செய்ய வேண்டும்? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், உள்ளே ஆள் இருக்கையில் உள்ளிருந்து உடனே திறக்க முடியாதவாறு கதவைப் பூட்டவோ பிணைக்கவோ கூடாதென்கின்றது. சாத்துவது, உள்ளிருந்து கையால் நீக்கக்கூடியவாறு தாழிடுவது, திறப்பின்றித் திறக்க இயலாதவாறு பூட்டுவது ஆகிய மூன்று செயல்களுக்கும் ஒரே வினைச்சொல் இருந்தால் அந்தச் சட்டத்தைத் தமிழில் எப்படிச் சுவரில் எழுதுவது?

1911 மார்ச் 25ஆம் நாள் நியூயோர்க்கில் 'ட்ரையாங்கிள்' ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியபோது 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிற நாடுகளிலிருந்து பிழைக்க வந்த இளம் பெண்கள். ஒன்பதாம் மாடியின் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. இடிபாட்டிலிருந்து எடுத்த கருகிய பூட்டு, தாழ் வெளியே நீண்டபடி, நீதிமன்றத்தில் சான்றுப் பொருளாக வைக்கப்பட்டது. அந்நேரத்தில் கதவு பூட்டியிருந்ததை முதலாளிகள் அறிந்திருந்தார்களா என்பதிலே வழக்கு நின்றது. அவர்கள் அவ்வாண்டு டிசம்பரில் விடுதலையானார்கள். 2012இல் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் 250க்கு மேற்பட்டோர் எரிந்ததும், வெளியேறும் வழிகள் அடைபட்டுக் கிடந்த கட்டிடத்தில்தான். தாழ் நீண்டிருந்ததா உள்வாங்கியிருந்ததா என்பதை ஒரு சொல்லால் பிரித்துக் கூற இயலாத மொழி, சாட்சிக் கூண்டில் ஊமையாகத்தான் நிற்கும்.

பண்டக்காரர்கள் இந்த விடயத்தில் ஏமாளிகளல்லர். கொள்கலன் கதவில் இடுகின்ற முத்திரைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 17712 என்றொரு நியமம் வைத்திருக்கின்றார்கள். எவ்வளவு விசையோடு இழுத்தால் அறுக்க வேண்டும் என்று அளந்து, மூன்று வகையாகப் பிரித்து, அதன் பின்பே பெயர் கொடுக்கின்றார்கள். சரக்குக்கு இவ்வளவு கவனம் என்றால் சரக்கு ஏற்றுகின்ற ஆளுக்கு எவ்வளவு வேண்டும்? முதலில் செயலை வரையறுங்கள், பின்பு பெயர் சூட்டுங்கள் என்று நாமும் கேட்கின்றோம். சாத்து, தாழிடு, பூட்டு என்பன புதிதாய் ஆக்க வேண்டிய சொற்களல்ல; நம் பாட்டிமார் பிரித்து வழங்கியவைதாம். அவற்றின் எல்லையை அச்சில் நிறுத்தினால் போதும்.

நம் மாணவர் இப்போது ஓர் அப்பியாசக் கொப்பியில் பூட்டின் உறுப்புகளை வரைந்து, பக்கத்தில் கடையில் வழங்கும் தமிழ்ச் சொல்லையும் அடுத்த கடைச் சிங்கள நண்பர் சொல்லும் சொல்லையும் எழுதி வருகின்றார். நாற்பது சொற்களைத் தாண்டிவிட்டார். குறிப்பு அச்சிடுவோர் அடுத்த பதிப்புக்கு முன்னர் அவரையும் அவர் போன்ற இருவர் மூவரையும் மேசைக்கு அழைக்கட்டும். அழைக்கும்போது அன்றைய கூலியையும் கொடுக்கட்டும். இயந்திரம் கீச்சிடாத நாளில் அவர் வீட்டில் அடுப்பெரிவதில்லை.