'இப்படியே இருக்கட்டும்' என்று சொல்ல இடமில்லாத வாக்குச்சீட்டு

"கிரிமியா மக்களே வாக்களித்துத்தான் ரஷ்யாவோடு சேர்ந்தார்கள். 97 விழுக்காடு! இதில் சட்டவிரோதம் எங்கே?" உக்ரைன் பற்றிப் பேச்செடுத்தாலே நம் தோழர்கள் சிலரிடமிருந்து வரும் முதல் பதில் இது. அமெரிக்க எதிர்ப்பிலிருந்து பிறக்கும் பதில் என்பது புரிகிறது. 2003இல் பொய்க் காரணம் சொல்லி இராக்கைத் தகர்த்தவர்கள் சட்டம் பேசினால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த எரிச்சலில் மாஸ்கோவின் பிரச்சாரத்தை அப்படியே நாமும் திருப்பிச் சொல்ல வேண்டுமா?

அந்த 97 எப்படி வந்தது என்று பாருங்கள். 2014 பிப்ரவரி 27 அதிகாலை, சிம்ஃபெரோபோலில் உள்ள கிரிமிய நாடாளுமன்றத்தை முகமூடி அணிந்த ஆயுதக்காரர்கள் கைப்பற்றினார்கள். சீருடை இருந்தது, எந்த நாட்டுச் சின்னமும் இல்லை. அவர்கள் சூழ்ந்து நிற்க அன்றே கூடிய அவை, செர்கேய் அக்சியோனொவைப் பிரதமராக்கியது. 100 இடங்கள் கொண்ட அந்த அவையில் அவர் கட்சிக்கு இருந்தவை 3. பொதுவாக்கெடுப்பு மே 25 என்றார்கள், பிறகு மார்ச் 30 என்றார்கள். மார்ச் 6ஆம் தேதி மறுபடி கூடி, கேள்வியையும் மாற்றி, மார்ச் 16 என்றார்கள். ஒரு நிலத்தின் தலைவிதியைப் பற்றி விவாதிக்க மக்களுக்குக் கிடைத்தது பத்து நாள்.

வாக்குச்சீட்டில் இருந்தவை இரண்டே கட்டங்கள். ஒன்று, ரஷ்யாவோடு இணைவது. மற்றொன்று, 1992ஆம் ஆண்டு கிரிமிய அரசமைப்பை மீட்டு உக்ரைனின் பகுதியாகத் தொடர்வது. இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும் என்று நினைத்தவருக்குக் கட்டமே இல்லை. சின்னமில்லாச் சீருடைக்காரர்கள் உள்ளூர்த் தற்காப்புப் படையினர் என்று முதலில் சொன்ன புதின், அவர்களுக்குப் பின்னால் ரஷ்யப் படையினர் நின்றதை ஏப்ரல் 17 அன்று தொலைக்காட்சியிலேயே ஒப்புக்கொண்டார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அடுத்து கொசோவோவைக் காட்டுவார்கள். கொசோவோவின் விடுதலை அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று 2010இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் சட்டவிரோதப் படைபலத்தோடு பிணைந்த அறிவிப்புகளின் நிலை வேறு என்றும் அதே கருத்துரையில் சொல்லியிருக்கிறது. கொசோவோவை எந்த நாடும் தன்னோடு இணைத்துக்கொள்ளவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த அறிவிப்பு சட்டவிரோதம் என்று அந்த நீதிமன்றத்தில் வாதாடிய நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று!

1954இல் குருஷேவ் கிரிமியாவை உக்ரைனுக்குத் தானம் கொடுத்துவிட்டார் என்ற கதைக்கு அதிக நேரம் வேண்டாம். 1994 புடாபெஸ்ட் ஒப்பந்தத்தில் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யா கையெழுத்திட்டது. 1997 நட்புறவு ஒப்பந்தத்திலும் அதையே உறுதி செய்தது. செவஸ்தபோல் கடற்படைத் தளத்துக்கு உக்ரைனிடம் குத்தகையும் பேசியது. சொந்த வீட்டுக்கு யார் வாடகை கொடுப்பார்கள்?

இத்தனைக்குப் பிறகும் ஒரு வாதம் மிஞ்சும். "எப்படிப் பார்த்தாலும் அங்கே பெரும்பான்மை ரஷ்யர்கள்தானே?" ஆம், 2001 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 58 விழுக்காடு. அவர்களில் கணிசமானோர் ரஷ்யாவோடு சேரவே விரும்பியிருப்பார்கள், அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பெரும்பான்மைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1783இல் பேரரசி கேத்தரின் கிரிமியாவைப் பிடித்தபோது அங்கே பெரும்பான்மையினர் கிரிமியத் தாத்தார்கள். 1944 மே 18 தொடங்கி மூன்றே நாளில், 1,80,000க்கும் மேற்பட்ட தாத்தார்களைச் சரக்கு ரயில்களில் அடைத்து உஸ்பெகிஸ்தானுக்கும் பிற இடங்களுக்கும் நாடு கடத்தினார் ஸ்டாலின். நாஜிகளுக்குத் துணைபோனார்கள் என்பது குற்றச்சாட்டு. குழந்தை, கிழவி, செம்படையில் சண்டையிட்டுக்கொண்டிருந்த சிப்பாய் என எவரையும் விடவில்லை. தாத்தாராகப் பிறந்ததே குற்றத்துக்குச் சான்று. பிறப்பை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்குவது எப்படிப்பட்டது என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1980களின் இறுதியில்தான் அவர்களால் பெருந்திரளாகத் திரும்ப முடிந்தது. 2001இல் அவர்கள் வெறும் 12 விழுக்காடு.

ஒரு மக்களைத் துரத்திவிட்டு, எஞ்சியவர்களின் தலையை எண்ணி, இதுதான் மக்கள் தீர்ப்பு என்பது எந்த வகைத் தன்னுரிமை? ஈழத் தமிழரிடையே பொதுவாக்கெடுப்பு கோரி 2013 மார்ச்சில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியபோது, புலம்பெயர்ந்த ஈழத் தமிழரும் அதில் வாக்களிக்க வேண்டும் என்றது. அது ஏன் முக்கியம் என்று நமக்குத் தெரியும். பொதுவாக்கெடுப்பு கேட்கும் நாம் கிரிமியாவை எப்படி எதிர்ப்பது என்று குழம்புகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். சிரியாவின் கோலான் குன்றுகளை 1981இல் இஸ்ரேல் விழுங்கியதையும், 2019இல் டிரம்ப் அதற்கு முத்திரை குத்தியதையும் எதிர்க்க நாம் எடுக்கும் அதே அளவுகோல் கிரிமியாவுக்கும் பொருந்தும்.

தாத்தார்களின் பிரதிநிதித்துவ அமைப்பான மெஜ்லிஸ், அந்த வாக்கெடுப்பைப் புறக்கணிக்கச் சொன்னது. வாக்கெடுப்புக்கு முந்தைய நாள், அமைச்சரவைக் கட்டடத்தின் முன் தன்னந்தனியாக நின்று போராடியதற்காகக் கடத்தப்பட்ட ஒரு தாத்தாரின் உடல் கிடைத்தது. 2016இல் மெஜ்லிஸையே 'தீவிரவாத அமைப்பு' என்று தடை செய்தார்கள். அதன்மீது கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்று 2017இல் சர்வதேச நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. அந்த ஆணையை ரஷ்யா மீறிவிட்டது என்று 2024 ஜனவரி 31 அன்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் ரஷ்யா தடையை நீக்கவில்லை.